அளவுகோலும் அமானிதமும்

வழியில் கிடக்கும் முள்ளையும் கல்லையும் அப்புறப்படுத்துவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. இடையூற்றை நீக்குவதே இத்துணைச் சிறப்புடையதாயின், வழியையே புதிதாக அமைத்துக் கொடுப்பதன் சிறப்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சாலை நோயாளியை உரிய நேரத்தில் மருத்துவமனையில் சேர்ப்பிக்கிறது; உழவனின் விளைபொருளை வாடுமுன் சந்தைக்குக் கொண்டு செல்கிறது; தொலைவூரில் வாழ்க்கைப்பட்ட மகளை ஒரே பகலில் தாய்வீடு வந்து திரும்பச் செய்கிறது. எனவே சாலை நன்மையானதா என்பது ஈண்டு நமது வினா அன்று.

நமது வினா அதற்கு ஒரு படி முந்தியது. எந்தச் சாலையும் வெற்றிடத்தில் போடப்படுவதில்லை. அது யாரோ ஒருவருடைய வயலின் மீது, தோப்பின் மீது, கிணற்றின் மீது, சில வேளைகளில் முன்னோர் துயிலும் அடக்கத்தலத்தின் மீது செல்கிறது. தார் காயுமுன், மண் கொட்டப்படுமுன் சர்வேயர் வருகிறார், கருவியை முக்காலியில் நிறுத்துகிறார், கல் நடுகிறார். அந்தக் கல் நடப்பட்ட நாள்முதல் நிலத்துக்குரியவனின் உறக்கம் மாறிவிடுகிறது. பலருடைய நன்மைக்காகச் சிலருடைய உடைமையை எடுத்துக்கொள்வது நீதியாகுமா? ஆகுமெனில் எந்த வரம்புக்குள் ஆகும்? அளப்பவனின் கருவி துல்லியமாக இருந்துவிட்டால் அளவை நேர்மையானதாகிவிடுமா? நம்மில் சிலர் நிலம் இழப்பவர்கள். பலர் அந்தச் சாலையில் விரைபவர்கள். நம் பிள்ளைகளுள் சிலர் ஊரிலும் வளைகுடா நாடுகளிலும் அளவைத் தொழிலே பார்ப்பவர்கள். ஆகவே இது நம் ஒவ்வொருவரையும் தொடும் வினா.

அளத்தல் என்னும் சொல்

அரபு மொழியில் நில அளவைக்கு ‘மிஸாஹா’ என்று பெயர். அதன் வேர்ச்சொல்லுக்குக் கையால் தடவுதல் என்பதும் பொருள். உளூவின்போது ஈரக் கையால் தலையைத் தடவுவதை ‘மஸ்ஹு’ என்கிறோமே, அதே வேர்தான். நிலத்தை அளப்பவன் அதனைக் கையால் தடவி உணர்ந்தவனாக இருக்க வேண்டும் என்று இச்சொல் நமக்கு உணர்த்துவதாகக் கொள்ளலாம். தமிழிலோ ‘அளவு’ என்பது நீள அகலத்தோடு நில்லாமல் வரம்பையும் குறிக்கிறது. ஒருவன் அளவு மீறினான் என்றால் எல்லை கடந்து தீங்கு செய்தான் என்றே பொருள் கொள்கிறோம். இவ்விரு மொழியும் அளவையை வெறுங் கணக்காகக் கருதவில்லை என்பது தெளிவு.

அளவைக் கலையில் நம் முன்னோர் பெற்றிருந்த தேர்ச்சி சிறிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட அப்பாஸியக் கலீஃபா மஃமூன் அனுப்பிய அறிஞர்கள் சின்ஜார் சமவெளியில் வடக்கும் தெற்குமாகப் பிரிந்து, கயிறும் முளையும் கொண்டு தரையை அளந்து, புவியின் ஒரு பாகைக்கு எத்தனை கல் தொலைவு என்று கணக்கிட்டனர். பதினோராம் நூற்றாண்டில் அல்பீரூனி, இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா கோட்டையருகே ஒரு குன்றின் உயரத்தையும், அதன் உச்சியிலிருந்து காணும் அடிவானத்தின் தாழ்வையும் அளந்து புவியின் பருமனையே மதிப்பிட்டார். தமிழகத்தில் முதலாம் இராசராசன் 1001ஆம் ஆண்டளவில் நாட்டை அளப்பித்தபோது, அப்பணியை நடத்திய அதிகாரி ‘உலகளந்தான்’ என்று பெயர் பெற்றார்.

பின்னாளில் ஆங்கிலேயத் தளபதி லாம்டன் 1802ஆம் ஆண்டு பரங்கிமலையருகே ஏறத்தாழ 7½ மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்து, இந்தியப் பெருநில அளவையைத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டை அளக்க அவருக்கு 57 நாட்கள் பிடித்தன. வெயிலில் எஃகுச் சங்கிலி நீண்டுவிடும் என்பதற்காக அதற்கு நிழல் அமைத்து, வெப்பமானி வைத்துப் பார்த்தே அளந்தனர். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உயரத்துக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் அமர்ந்து, வாரக்கணக்கில் உழைத்து, அதனைத் தம் கையாலேயே செப்பனிட்டார். அந்த அளவை அந்நிய ஆட்சியின் நலனுக்கே பயன்பட்டது என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் பிழைக்கு அஞ்சும் உள்ளம் எங்கிருந்தாலும் அது போற்றத்தக்கதே.

பிழையைப் பங்கிடும் நீதி

அளவைக் கலை நமக்குக் கற்பிக்கும் பாடங்களுள் இரண்டு பெரிதும் எண்ணத்தக்கவை.

முதலாவது, முழுமையிலிருந்து பகுதிக்குச் செல்ல வேண்டும் என்பது. சிறுசிறு துண்டுகளாக அளந்து கூட்டிக்கொண்டே போனால் சிறு தவறுகளும் கூடிப் பெருந்தவறாகும். பழைய 66 அடிச் சங்கிலியில் ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலம் பிசகினால், 80 சங்கிலி கொண்ட ஒரு மைலில் அது 6 அடி 8 அங்குலமாகிவிடும். அவ்வளவு நிலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படி ஏறிய குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. ஆகவே தேர்ந்த சர்வேயர் முதலில் பரந்த பரப்பில் உறுதியான சில புள்ளிகளை நிறுவிக்கொண்டு, அவற்றுக்குள் அடங்கியே சிறு நிலங்களை அளக்கிறார்.

இரண்டாவது இதனினும் ஆழமானது. ஒரு கல்லிலிருந்து புறப்பட்டு, நிலத்தைச் சுற்றி அளந்துகொண்டே போய், புறப்பட்ட கல்லுக்கே திரும்பினால், கணக்கு அந்தக் கல்லில் சரியாக வந்து பொருந்துவதில்லை. சிறிது இடைவெளி விழுந்தே தீரும். மனிதக் கையும் மனிதக் கண்ணும் குறையுடையவை அல்லவா? அந்த இடைவெளி அனுமதிக்கப்பட்ட வரம்பைத் தாண்டினால், மீண்டும் அளக்க வேண்டும். வரம்புக்குள் இருந்தால், அதனை மறைக்கவும் கூடாது. ஏதேனும் ஒரு பக்கத்தின் தலையில் முழுவதையும் கட்டிவிடவும் கூடாது. எல்லாப் பக்கங்களுக்கும் அவற்றின் நீளத்துக்கேற்பப் பங்கிட வேண்டும் என்பதே அக்கலையின் விதி.

இவ்விதியைக் கணக்கேட்டிலிருந்து வாழ்க்கைக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு சாலையால் நாடெங்கும் நன்மை பரவுகிறது. அதற்காக நேரும் இழப்போ, கோடு சென்ற வழியில் தற்செயலாக அமைந்துவிட்ட சிலருடைய தலையில் விழுகிறது. அளவைக் கணக்கில் எந்த அநீதியைச் செய்யக்கூடாதென்று தொழில் விதி தடுக்கிறதோ, அதே அநீதியை மனிதர் விஷயத்தில் செய்வது எவ்வாறு பொருந்தும்? நன்மை எல்லாருக்கும் பொதுவாயின் இழப்பும் பொதுவாக வேண்டும். நிலம் இழப்பவனுக்குத் தரப்படும் ஈட்டுத்தொகை கருணைக் கொடையன்று. எல்லாரும் தாங்க வேண்டிய சுமையில் அவரவர் பங்கு.

நேர்கோடு காணாதவை

இன்று சங்கிலி போய்விட்டது. டோட்டல் ஸ்டேஷன் கருவியும், செயற்கைக்கோள் வழியே இடமறியும் கருவியும், வானில் பறந்து படமெடுக்கும் ட்ரோனும் வந்துவிட்டன. பொறியாளர்கள் சாலையின் தடத்தைத் தேர்ந்தெடுக்கையில் மேடுபள்ளம், மண்ணின் உறுதி, ஆற்றைக் குறுகலான இடத்தில் கடக்கும் வாய்ப்பு, வண்டியோட்டியின் கண்ணுக்குத் தடையின்றித் தெரியும் தொலைவு, வளைவின் சரிவு எனப் பலவற்றையும் சீர்தூக்குகின்றனர். பின்னர் நடுக்கோடு குறிக்கப்படுகிறது. அதன் இருபுறமும் எல்லை வகுக்கப்படுகிறது. 60 மீட்டர் அகலத்துக்கு நிலம் எடுத்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 15 ஏக்கர் நிலம் சாலைக்குள் போய்விடும்.

இக்கணக்கு சரியானதே. ஆனால் முழுமையானதன்று. வயலின் குறுக்கே கோடு சாய்வாகச் செல்லும்போது கிணறு ஒரு புறமும் நிலம் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கும். எடுக்கப்பட்டதோ அரை ஏக்கர். ஆயினும் எஞ்சிய இரண்டு ஏக்கரும் நீரின்றி வீணாகும். குத்தகைக்கு உழுதவனின் பெயர் பட்டாவில் இராது. நாற்று நட்டும் களை எடுத்தும் வயிறு கழுவிய பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. புலப்படம் எல்லையைக் காட்டும். அந்த எல்லைக்குள் எரிந்த அடுப்புகளை அது காட்டாது. 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், நிலம் எடுப்பதற்கு முந்திய மூன்றாண்டுகளாக அந்நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகையாளரையும் விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்றுக்கொண்டது, காணாதிருந்த இவர்களைக் காண முற்பட்ட ஒரு படியாகும்.

அளத்தல் வேறு, எடுத்தல் வேறு

1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் 1997இல் சேர்க்கப்பட்ட பிரிவுகள் நிலம் எடுக்கும் முறையைப் படிப்படியாக வகுக்கின்றன. முதலில் நிலம் எடுக்கும் எண்ணம் அறிவிக்கப்படும். அதன்பின் அதிகாரிகள் நிலத்துள் நுழைந்து அளக்கலாம், மட்டம் பார்க்கலாம், குறி நடலாம். நிலத்தில் நலன் உடையோர் 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அவற்றைக் கேட்டு முடிவு செய்த பின்னர் வெளியிடப்படும் இறுதி அறிவிப்பினால்தான் நிலம் அரசுக்கு உரித்தாகும். ஆகவே கல் நடுவது வினாவின் தொடக்கமேயன்றித் தீர்ப்பு அன்று.

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்காக 2018ஆம் ஆண்டு ஐந்து மாவட்டங்களில் நிலம் அளக்கப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பை நாம் அறிவோம். ஏறத்தாழ 277 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட சாலை அது. நிலம் எடுப்பு நடவடிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று ரத்துச் செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 8 அன்று அத்தீர்ப்பை மாற்றி, முதல் அறிவிப்புகள் செல்லும் என்று கூறியது. ஆயினும் ஒரு விஷயத்தில் உயர் நீதிமன்றத்தின் கட்டளையை அது உறுதிப்படுத்தியது. நிலம் முறைப்படி எடுக்கப்படுமுன்னரே, முதல் அறிவிப்பை மட்டும் வைத்து வருவாய்ப் பதிவேடுகளில் செய்யப்பட்ட மாற்றங்களைத் திருத்தி, பழைய பதிவுகளையே மீண்டும் நிலைநிறுத்த வேண்டும் என்பது அக்கட்டளை. அச்சாலை வேண்டுமா வேண்டாவா என்னும் வழக்கில் நாம் ஈண்டுப் புகவில்லை. கோல் அளந்து முடிக்குமுன் எழுதுகோல் ஓடிவிடக் கூடாது என்பதே அதில் நாம் கொள்ள வேண்டிய படிப்பினை.

உமர் (ரலி) அவர்களின் இரண்டு செயல்கள்

இவ்விடத்தில் ஒருவர் கேட்கலாம்: உரிமையாளன் சம்மதித்தால்தான் நிலம் எடுக்கலாம் என்றால் உலகில் ஒரு சாலையும் போட முடியாதே? நியாயமான கேள்விதான். விடைக்குக் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வாழ்விலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் இவை ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றும்.

மதீனாவில் பள்ளிவாசலை விரிவாக்க விரும்பிய உமர் (ரலி) அவர்கள், அதனை ஒட்டியிருந்த அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டைக் கேட்டார்கள். அப்பாஸ் (ரலி) அவர்கள் மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் நடுவுக்குச் சென்றது. உரிமையாளரின் இசைவின்றி எடுத்தல் ஆகாது என்று ஆட்சித் தலைவருக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. உமர் (ரலி) அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். உரிமை உறுதியான பின்னர், அப்பாஸ் (ரலி) அவர்கள் தாமே மனமுவந்து வீட்டைப் பொதுவுக்கு ஈந்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

ஹிஜ்ரி 17ஆம் ஆண்டில் மக்காவில் நிகழ்ந்ததோ வேறு. கஅபாவை நெருக்கிக்கொண்டு வீடுகள் எழுந்திருந்தன. உமர் (ரலி) அவர்கள் அவற்றை விலைக்கு வாங்கி இடித்தார்கள். விற்க மறுத்தோரின் வீடுகளையும் இடித்து, விலையை அவர்கள் பெற்றுக்கொள்ளும்வரை பாதுகாப்பாக வைக்கச் செய்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம் நுட்பமானது: கஅபாவின் முற்றத்துக்கு வந்து குடியேறியவர்கள் அவ்வீட்டாரே, அவர்கள் இருந்த இடத்துக்குக் கஅபா வரவில்லை.

இரண்டையும் சேர்த்து நோக்கினால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. எது முந்தியது? எது மற்றொன்றை நாடி வந்தது? பொது வழியை ஆக்கிரமித்து வந்து நின்ற கட்டடத்தின் கோரிக்கையும், பாட்டன் காலம் முதல் உழப்பட்ட வயலின் கோரிக்கையும் ஒன்றாகா. முன்னதில் வீடு சாலையிடம் வந்தது. பின்னதில் சாலை வயலிடம் வருகிறது. சாலை வயலிடம் வரும்போது அது விருந்தாளியைப் போல் கேட்டுத்தான் நுழைய வேண்டும். கடைசியில் கட்டாயமே நேரினும் உரிய விலை ஒரு காசும் குறையலாகாது. ஏனெனில் ஆக்கிரமித்தவர்க்கும்கூட உமர் (ரலி) அவர்கள் விலையை மறுக்கவில்லை.

1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசில் தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் ஹனஃபி வழிச் சட்டத் தொகுப்பும் இதே தடத்தில் செல்கிறது. இன்றியமையாமை நேர்ந்தால் ஆட்சியாளரின் ஆணைப்படி ஒருவரது உடைமையை விலை கொடுத்துச் சாலையோடு சேர்க்கலாம். ஆனால் விலையைக் கொடுத்து முடிக்கும்வரை அது அவருடைய கையைவிட்டு நீங்கலாகாது என்பது அதன் விதி. முதலில் பணம், பிறகே நிலம்! நிலத்தைக் கொடுத்துவிட்டு ஈட்டுத்தொகைக்காக ஆண்டுக்கணக்கில் அலுவலக வாசல்களில் காத்துக்கிடந்தவர்கள் இவ்விதியின் அருமையை நன்கு உணர்வார்கள்.

நம் நாட்டு வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா, வங்கத்திலிருந்து சிந்து நதிவரை சென்ற பெருவழியைச் செப்பனிட்டுச் சத்திரங்களும் நிழல் மரங்களும் அமைத்தவர். நிலங்களை ஒரே கோலால் அளப்பித்தவரும் அவரே. வழி குறுகலாக இருந்ததால் அவருடைய படை செல்கையில் பயிர் அழிய நேர்ந்தால், அழிந்த பரப்பை அளந்து பார்த்து உழவருக்குப் பணம் கொடுக்கும்படி ஆளனுப்பினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர் குறித்துள்ளார். கோல் எடுப்பதற்கு மட்டும் பயன்படவில்லை. திருப்பிக் கொடுப்பதற்கும் பயன்பட்டது.

இன்றைய சட்டமும் மெல்ல இத்திசையில் நடக்கிறது. 1997 முதல் 2014 முடியத் தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் இழந்தோருக்கு, பிற பொதுப்பணிகளுக்கு நிலம் இழந்தோர் பெற்ற ஆறுதல் தொகையும் வட்டியும் சட்டப்படி மறுக்கப்பட்டிருந்தன. இந்த வேற்றுமை சமத்துவத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. எந்தச் சட்டத்தின் பெயரால் எடுத்தாலும் இழப்பவனின் இழப்பு ஒன்றுதானே!

நம் கைகளும் அளக்கப்படும்

ஆட்சியாளரின் கடமையைப் பேசிவிட்டு நம் கடமையை மறந்தால் நாமும் குறைத்து அளந்தவர்களாவோம். அளவில் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே ‘அல்முதஃப்பிஃபீன்’ என்ற ஓர் அத்தியாயம் திருமறையில் இருக்கிறது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக அபகரித்தவன் மறுமையில் ஏழு பூமிகளைச் சுமப்பான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். வழியின் அகலத்தில் பிணக்கு எழுந்தால் ஏழு முழம் விட்டுவிட வேண்டும் என்றும் வரையறுத்தார்கள்.

ஆனால் நம் தெருக்களின் நிலை என்ன? வீட்டுப் படி ஆண்டுக்கு ஆண்டு நீண்டு தெருவுக்குள் இறங்குகிறது. கடையின் கூரை நடைபாதைக்கு மேல் தவழ்கிறது. இரவோடு இரவாக எல்லைக் கல் நகர்கிறது. ஒரு சாண் என்பது ஒரு தனி மனிதனிடமிருந்து மட்டும் எடுக்கப்படும் நிலமாக நினைக்க வேண்டா. பொது வழியில் எடுத்த சாண் அவ்வழியே செல்லும் ஒவ்வொருவரிடமிருந்தும் எடுத்தது. அவர்கள் அனைவரிடமும் நாம் எங்கே போய் மன்னிப்புக் கேட்பது? சாலை அகலப்படுத்த அளக்க வருபவரிடம் நம் உரிமையைத் துணிவோடு பேசுவோம். நம்முடையதல்லாத ஒன்றையும் உரிமை என்ற பெயரால் பேசாதிருப்போம்.

அளவைத் தொழிலில் இருக்கும் இளைஞர்க்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. உங்கள் கருவி மில்லிமீட்டர் கணக்கில் துல்லியமானது. அத்துல்லியம் சாலைக்கு மட்டும் செய்யும் தொண்டன்று. நிலம் இழக்கும் ஏழைக்கு நீங்கள் திருப்பித் தர வேண்டிய அமானிதம். ஒரு தென்னையை எண்ணாமல் விட்டால், ஒரு கிணற்றைக் குறிக்காமல் விட்டால், அதற்கு நாளை எவரும் விலை கொடுக்கப் போவதில்லை. கையூட்டுக்காகக் கோட்டை ஒரு புறம் சாய்த்தால், மறுபுறத்தில் ஒரு குடும்பம் சரியும். இராக் நாட்டின் விளைநிலங்களை அளந்து வரி வகுத்துத் திரும்பிய உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி), ஹுதைஃபா (ரலி) ஆகிய இருவரிடமும், அந்நிலம் தாங்க முடியாத சுமையை அதன்மீது ஏற்றிவிட்டார்களோ என்று கவலையோடு விசாரித்தார்கள் உமர் (ரலி) அவர்கள். எத்தனை பரப்பு, எவ்வளவு வருவாய் என்பதல்ல அவர்களை வருத்திய வினா.

ஆகவே, பொது நன்மைக்காக நிலம் எடுத்தல் ஆகும். ஆனால் வேறு தடம் உண்டா என்று மெய்யாகவே தேடிய பின்னரே ஆகும். உரிமையாளன் சொல்வதைக் கேட்ட பின்னரே ஆகும். விலை முன்கூட்டியே கைசேர்ந்த பின்னரே ஆகும். பதிவேட்டில் பெயரில்லாதவனையும் எண்ணிய பின்னரே ஆகும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், புறப்பட்ட கல்லுக்கு வந்து பொருந்தாத அளவையாகவே அது நிற்கும். வரம்பு மீறிய பிழையாதலின் மறுபடியும்தான் அளக்க வேண்டும். நாள்தோறும் தொழுகையில் நேர்வழி காட்டும்படி இறைஞ்சுகிறோம். நாம் போடும் வழிகளும் நேர்மையானவையாக அமைய அல்லாஹ் அருள்புரிவானாக!